அம்மாவை அழைக்கும் வீரன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் முன்பு பரிந்துரைத்த 'எர்த்பவுண்ட்' வீடியோ விளையாட்டை ஆடி வருகிறேன். படங்கள் மிகப் பழையவை. காகமும் ஹிப்பியும் எதிரிகளாக வருவது சிரிப்பாக இருக்கிறது. ஆனால் சண்டையின் நடுவே கதாநாயகச் சிறுவன் நெஸ் வீட்டு ஏக்கம் பிடித்துச் செயலற்று நின்றுவிடுகிறான். இந்த எரிச்சலைத் தவிர்க்க வழி உண்டா? என் பத்து வயது மகனுக்கு இதைக் கொடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

1994இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவிக்கு வந்த விளையாட்டில் 1994இன் படங்கள்தான் இருக்கும், அதை விட்டுவிடுவோம். ஏக்கத்தைத் தவிர்க்க வழி கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இதன் ஜப்பானியப் பெயர் 'மதர் 2' என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? 'எர்த்பவுண்ட்' என்பது மறு ஆண்டு அமெரிக்காவுக்குப் போனபோது சூட்டிய பெயர்.

இதை உருவாக்கிய ஷிகெசாடோ இடோய் விளம்பர வாசகங்கள் எழுதிப் புகழ்பெற்றவர். வாளுக்குப் பதில் பேஸ்பால் மட்டையையும், அரண்மனைக்குப் பதில் கடைத்தெருவையும் ஏ.டி.எம். இயந்திரத்தையும் வைத்தார். எல்லோரும் வியக்கும் அந்த வேடிக்கை இரண்டு மணி நேரத்தில் பழகிவிடும். பழகாதது தொலைபேசி. நெஸ்ஸின் அப்பா கடைசிவரை முகம் காட்டுவதில்லை. ஆட்டத்தைச் சேமிக்க அவரைத்தான் அழைக்க வேண்டும், வங்கியில் பணம் போடுபவரும் அவரே. வீட்டு ஏக்கமோ அம்மாவை அழைத்துப் பேசினால் தீரும். உலகைக் காக்கப் புறப்பட்டவன் அம்மாவின் குரல் கேட்காமல் மட்டையை ஓங்க முடியாது நிற்கக்கூடும் என்பதை ஆட்டத்தின் விதியாகவே எழுதிவைத்த துணிச்சலை, நீங்கள் பழுது என்று நினைத்துவிட்டீர்கள்.

பதினோரு வயதில் என்னை விடுதியில் சேர்த்தார்கள். ஞாயிறு மாலைகளில் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று, கட்டணம் காட்டும் சிவப்பு எண்கள் ஏறுவதைப் பார்த்தபடி, "நல்லா இருக்கேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். திங்கட்கிழமையின் கணக்கு வகுப்பை அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் கடந்தேன். இந்த விளையாட்டில் பலத்த அடி விழுந்தாலும் உயிர் உடனே போவதில்லை. மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் எண்கள் மீட்டரைப் போல உருண்டு இறங்கும், பூச்சியத்தைத் தொடுவதற்குள் வென்றுவிட்டால் பிழைக்கலாம். முதன்முறை அதைக் கண்டபோது, பையிலிருந்த சில்லறையை எண்ணிக்கொண்டே பேசிய அந்தப் பையன்தான் என் முன்னால் நின்றான். பெரியவர்களாகிய நாம் அவனை நினைக்க வெட்கப்படுகிறோம், எஸ். அதனால்தான் வழி கேட்கிறீர்கள்.

மகனா? தாராளமாகக் கொடுங்கள். தொடக்கத்தில் பிடித்த உணவு எது என்று கேட்கும். நான் இட்லி என்று எழுதினேன். களைத்துச் சொந்த ஊரான ஓனெட்டுக்குத் திரும்பியபோதெல்லாம் நெஸ்ஸின் அம்மா இட்லிதான் கொடுத்தாள். உங்கள் மகன் எழுதும்போது தயவுசெய்து பின்னால் நின்று திருத்தாதீர்கள்.