செவ்வாய் மண்ணில் உயிரின் தடம்: கருவிகளைப் பற்றிய கேள்வி பதில்

பதினொன்றாம் வகுப்பு மாணவி: ஐயா, 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் கரிமச் சேர்மம் எதுவும் இல்லை என்றன. பின்னர் அங்கு இறங்கிய கியூரியாசிட்டி ஊர்திக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

பதில்: வைக்கிங் தன் சிறு அடுப்பில் மண்ணை 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, எழுந்த ஆவியை நீண்ட நுண்குழாயில் செலுத்திப் பிரித்து, துகள்களை எடைவாரியாகப் பிரித்தறியும் நிறை நிறமாலைமானியால் மூலக்கூறுகளை அடையாளம் கண்டது. கிடைத்த குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன் என்ற குளோரின் கலந்த இரு கரிமச் சேர்மங்களையும், பூமியில் கருவியைத் துடைத்த கரைப்பானின் மிச்சம் என்று அன்று ஒதுக்கிவிட்டார்கள். 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டபோது அந்த முடிவு ஆட்டம் கண்டது. சூடேறினால் அந்த உப்பு ஆக்சிஜனை வெளியிட்டு அருகிலுள்ள கரிமத்தை எரித்துவிடும். 2010இல் அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கிய ஆய்வில் அதே இரண்டு சேர்மங்களும் வந்தன. தேடிய பொருளை நம் அடுப்பே எரித்திருக்கலாம் என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

வேதியியல் ஆசிரியர்: கியூரியாசிட்டியின் 'சாம்' கருவியும் மண்ணைச் சூடாக்கத்தானே செய்கிறது?

பதில்: ஆம், அதிலும் சிக்கல் இருந்தது. மண்ணைத் திரவ வினைபொருளோடு கலந்து பார்க்கும் ஈரமுறைச் சோதனைக்காக எடுத்துச் சென்ற வினைபொருளின் ஆவி கருவிக்குள்ளேயே கசிந்திருந்தது. ஆகவே காலிக் கிண்ணத்தைச் சூடாக்கி, அதில் வருவதைக் கழித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிக் கழித்த பின்னும் கம்பர்லேண்ட் என்ற களிமண் பாறையின் தூளில் குளோரோபென்சீன் என்ற கரிமச் சேர்மம் எஞ்சியது. அதே தூளில் 10, 11, 12 கார்பன் அணுக்கள் கொண்ட ஆல்கேன்கள், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள சங்கிலி மூலக்கூறுகள், இருப்பது 2025இல் வெளியானது.

வாசகர்: இதை உயிரின் சான்று எனலாமா?

பதில்: கூடாது. கொழுப்பு அமிலங்கள் சிதைந்தும் அந்த ஆல்கேன்கள் உருவாகலாம். ஆனால் கொழுப்பு அமிலம் உயிரின்றியும் உருவாகும். 1969இல் ஆஸ்திரேலியாவின் முர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில், புரதங்களின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களும் எத்தனையோ இருந்தன. அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் அமையும்; உயிர்கள் பெரும்பாலும் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. ஆனால் அந்த விண்கல்லிலும் சிலவற்றில் இடக்கை வடிவம் சற்றே மிகுந்திருந்தது. எனவே ஒரே ஒரு தடயம் போதாது; கைவடிவச் சாய்வு, கொழுப்பு அமிலங்களில் இரட்டைப்படை எண்ணிக்கையில் கார்பன் கொண்டவற்றின் மிகுதி (உயிர்கள் அவற்றை இரண்டிரண்டு கார்பனாகச் சேர்த்துக் கட்டுவதால் வருவது), பாறையின் வரலாறு ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

மற்றொருவர்: அடுப்பில்லாத வழி உண்டா?

பதில்: உண்டு. ஏவக் காத்திருக்கும் ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி, கதிர்வீச்சு குறைந்த 2 மீட்டர் ஆழம் வரை துளையிடும். அதன் 'மோமா' கருவியில் அடுப்புகளோடு லேசரும் உண்டு. பெர்குளோரேட் சிதைய அவகாசம் தராமல், நானோவினாடித் துடிப்பில் மூலக்கூறுகளைப் பெயர்த்தெடுத்துவிடும்.