பல்கலைக்கழக விளையாட்டு ஆவணங்கள்: கேள்வி பதில்

பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகளின் வரலாற்று ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் பணியில் இருப்பவன் என்ற முறையில், வந்திருக்கும் கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளுக்குச் சேர்த்தே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி (விழா மலர்க் குழு உறுப்பினர்): எங்கள் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை தொடங்கிய ஆண்டாக மூன்று ஆவணங்கள் மூன்று ஆண்டுகளைச் சொல்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: மூன்றும் சரியாகவே இருக்கலாம். முதல் போட்டி நடந்த ஆண்டு, மாணவர் கழகம் அமைந்த ஆண்டு, நிர்வாகம் பொறுப்பேற்ற ஆண்டு ஆகியவை வெவ்வேறானவை. அமெரிக்காவின் ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்கள் 1852இல் வின்னிபெசாகி ஏரியில் படகுப் போட்டியில் மோதியபோது களமிறங்கியவை மாணவர் கழகங்கள். போட்டியை ஊக்குவித்தது ஒரு ரயில்வே நிறுவனம். 1869 நவம்பர் 6 அன்று, அணிக்கு 25 பேராக ஆடி ரட்கர்ஸ் பிரின்ஸ்டனை 6-4 என்று வென்ற கால்பந்தாட்டமும் மாணவர்களே ஏற்பாடு செய்ததுதான். 1905இல் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் நேர்ந்த உயிரிழப்புகள் பெரும் கண்டனத்தை எழுப்பிய பின்னரே, 1906இல் கல்லூரிகளுக்கான பொது அமைப்பு ஒன்று உருவாகி, 1910இல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாற்றம் பெற்றது.

ஆகவே, தொடக்க காலத்துத் தாள்களைப் பதிவாளர் அலுவலகத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. கழகங்களின் கூட்டக் குறிப்பேடுகள், மாணவர் செய்தித்தாள், பொருளாளரின் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எந்த நாளில், எந்த ஊருக்கு, எத்தனை பேருக்கு ரயில் கட்டணம் கொடுக்கப்பட்டது என்ற ஒரே வரி, வேறெங்கும் பதிவாகாத ஒரு போட்டியை உங்களுக்குக் காட்டிவிடும். மலரில் மூன்று ஆண்டுகளையும், எது எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்தோடு எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஆண்டுமலரை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். கல்வியாண்டின் கடைசிப் போட்டிகள் முடிவதற்குள் அது அச்சுக்குப் போய்விடுவதால், அவற்றின் முடிவுகள் பெரும்பாலும் மறு ஆண்டு மலரில்தான் இடம்பெறும்.

கேள்வி (முன்னாள் மாணவரின் பேரன்): என் தாத்தா பல்கலைக்கழக அணிக்காக ஓடினார் என்று வீட்டில் சொல்வார்கள். எங்கே தேடுவது?

பதில்: அவர் படித்த ஆண்டுகளை முதலில் உறுதி செய்யுங்கள். பின்பு அந்த ஆண்டுகளின் மாணவர் செய்தித்தாளைப் போட்டிக் காலம் முழுவதும் வரிசையாகப் புரட்டுங்கள். வெற்றி பெற்றவர் பெயர் மட்டுமே ஆண்டுமலரில் இருக்கும். மூன்றாவதாக, நான்காவதாக வந்தவர்களைச் செய்தித்தாளிலும் போட்டி முடிவுத் தாளிலும்தான் காண முடியும். நாளிதழில் வந்த செய்தியாக இருந்தால், இதழின் தேதி வேறு, போட்டியின் தேதி வேறு என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி (முன்னாள் வீராங்கனையின் மகள்): என் அம்மா 1960களில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காக விளையாடினார். விளையாட்டுத் துறையின் சாதனைப் பட்டியலில் 1980களுக்கு முன் ஒரு பெண் பெயர்கூட இல்லை. அவர் விளையாடியதற்குச் சான்றே இருக்காதா?

பதில்: இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் தேடும் இடத்தை மாற்ற வேண்டும். அந்தக் காலத்தில் பெண்கள் விளையாட்டைப் பெரும்பாலும் உடற்கல்வித் துறைகளும் பெண்கள் விளையாட்டுச் சங்கங்களும் நடத்தின. ஆண்களுக்கான விளையாட்டுத் துறையின் அலமாரிக்கு அந்தத் தாள்கள் வந்ததே இல்லை. 1972இல், கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும், ஒன்பதாம் பிரிவு என்று அறியப்படும் சட்டம் வந்தது. 1970களில் பெண்களுக்கான தேசியப் போட்டிகளை ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனிச் சங்கம் நடத்தியது. என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான போட்டிகளைத் தொடங்கியது 1981-82இல்தான். அதற்கு முந்தைய ஆட்டங்களைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது பிற்காலத் தொகுப்பாளர்களின் குறை. உங்கள் அம்மா ஆடவில்லை என்பதற்கு அது சான்றாகாது.

உடற்கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளையும், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஒப்படைத்த தாள்களையும் கேட்டுப் பாருங்கள். திருமணத்துக்கு முந்தைய பெயரில் தேடுங்கள். அவரிடம் செய்தி வெட்டுகள் ஒட்டிய ஏடு இருந்தால், பிரித்தெடுக்காமல் முழு ஏடாகவே காப்பகத்துக்குக் காட்டுங்கள். இதை உங்கள் அம்மா காலத்திலேயே செய்து முடியுங்கள். புகைப்படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அவரால்தான் சொல்ல முடியும்.

கேள்வி (தடகளப் புள்ளிவிவரங்கள் தொகுப்பவர்): பழைய கஜக் கணக்கு நேரங்களை மீட்டருக்கு மாற்றி, கையால் இயக்கிய நிறுத்துகடிகார நேரத்தோடு, மின்னணு நேரத்துக்கு ஈடாக 0.24 வினாடி சேர்த்து, ஒரே பட்டியலாக்கினால் என்ன? இன்றைய மாணவர்களுக்கு ஒப்பிடுவது எளிதாகுமே.

பதில்: செய்யக்கூடாது. 100 கஜம் என்பது 91.44 மீட்டர்; மீதி 8.56 மீட்டரை அந்த வீரர் ஓடவே இல்லை. 1935 மே 25 அன்று ஆன் ஆர்பரில், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஜெசி ஓவன்ஸ் 100 கஜத்தை 9.4 வினாடியில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்தார். முக்கால் மணி நேரத்துக்குள் நீளம் தாண்டுதலிலும், 220 கஜ ஓட்டத்திலும், 220 கஜத் தாழ்தடை ஓட்டத்திலும் புதிய உலக சாதனைகள் படைத்தார். அந்த 9.4ஐ மாற்றி எழுதினால், யாரும் ஓடாத ஓட்டத்துக்கு யாரும் அளக்காத நேரத்தைப் பதிவு செய்தவராகிறீர்கள். அவருடைய 220 கஜம் வளைவில்லாத நேர்த்தடத்தில் ஓடியது. வளைவில் ஓடும் இன்றைய 200 மீட்டரோடு அதை எந்தச் சூத்திரத்தால் சமப்படுத்துவீர்கள்?

அவரே மீண்டும்: பயிற்சியாளர்கள் எல்லோரும் மாற்றித்தானே பார்க்கிறார்கள்? 440 கஜத்தை 400 மீட்டராக்கும் கணக்கு ஏற்கப்பட்ட ஒன்றுதானே?

பதில்: பயிற்சியாளர் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. 440 கஜம் 402.34 மீட்டர் என்பதால் அங்கே பிழை சிறிது என்பதும் உண்மையே. ஆனால் ஆவணம் என்பது நடந்ததன் பதிவு. 0.24 என்பது பல கடிகாரங்களின், பல கைகளின் சராசரி வேறுபாடு. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட நடுவரின் கட்டைவிரல் எவ்வளவு தாமதித்தது என்பதை அது சொல்லாது. மாற்றிய எண்ணை ஒருவர் பட்டியலில் ஏற்றுகிறார். அடுத்த ஆண்டு கையேடு அதை அப்படியே எடுத்தாள்கிறது. சில ஆண்டுகளில் மூல எண் எது என்று சொல்ல ஆளில்லாமல் போகிறது.

குறுக்கிட்ட மற்றொரு வாசகர்: ஓடிய தடத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? பிரிட்டிஷ் ஓட்ட வீரர் ரோஜர் பானிஸ்டரின் நான்கு நிமிடத்துக்குட்பட்ட மைல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகச் சாதனைதானே?

பதில்: நல்ல கேள்வி. 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி ரோடு தடத்தில் அவர் 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடியது, பிரிட்டனின் அமெச்சூர் தடகளச் சங்க அணிக்காக. எதிரணிதான் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம். அவர் அங்கே படித்தவர் என்றாலும், அன்று பல்கலைக்கழக அணியில் இல்லை. எனவே அது அந்தத் தடத்தின் சாதனை, முன்னாள் மாணவர் ஒருவரின் சாதனை. பல்கலைக்கழக அணியின் சாதனை அன்று. இந்த மூன்றையும் ஒரே தலைப்பின் கீழ் கலந்துவிட்ட பட்டியல்களை நான் நிறையவே பார்க்கிறேன்.

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர்): 16 மி.மீ. படச்சுருள் பெட்டிகளைத் திறந்தால் வினிகர் வாடை வருகிறது. திரையிட்டுப் பார்க்கலாமா?

பதில்: திரையிடாதீர்கள். அசிட்டேட் சுருள் சிதைவதால் வெளிப்படும் அமிலத்தின் வாடை அது. சுருள் சுருங்கியிருக்கும், கருவியின் பற்கள் அதைக் கிழித்துவிடும். வாடை வரும் பெட்டிகளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, குளிர்ந்த, ஈரப்பதம் குறைந்த இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அமிலத்தை அறியும் சோதனைத் தாள் ஒன்றை இட்டு, அது நீலத்திலிருந்து மஞ்சளுக்கு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். எந்தச் சுருளை முதலில் எண்ணியமாக்குவது என்று தெரிந்துவிடும்.

கேள்வி (இருவர்): என் பெரியப்பா பல்கலைக்கழகத்தில் ஓடினார், எங்கே தேடுவது? என் மாமா ஈட்டி எறிந்தார், எங்கே தேடுவது?

பதில்: பேரனுக்குச் சொன்ன பதிலைத் தயவுசெய்து படியுங்கள். ஆண்டுமலரோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: பழைய பதக்கம் ஒன்று என்ன விலைக்குப் போகும்?

பதில்: இதற்கு விலை மதிப்பீட்டாளரை அணுகுங்கள்.

கேள்வி (புள்ளிவிவரத் தொகுப்பாளர், மீண்டும்): உங்கள் வாதத்தை ஏற்கிறேன். அப்படியானால் பட்டியலை எப்படி அமைப்பது?

பதில்: மூல ஆவணத்தில் உள்ள எண்ணும் அலகும் முதல் நெடுவரிசையில் எழுதியபடியே இருக்கட்டும். அடுத்து நேரம் கணித்த முறை, தடத்தின் அமைப்பு, காற்றின் வேகம் அளக்கப்பட்டதா என்ற குறிப்பு, போட்டியின் பெயரும் தேதியும், எந்த அணிக்காக, எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம் என்ற விவரங்கள் வரவேண்டும். மாற்றிய எண் தேவைப்பட்டால், பயன்படுத்திய சூத்திரத்தைக் குறித்துக் கடைசி நெடுவரிசையில் தாருங்கள். ஆண்கள் ஈட்டி எறிதலுக்கு 1986க்கு முன், பின் என இரண்டு பட்டியல்கள் வேண்டும். அந்த ஆண்டில் ஈட்டியின் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகர்த்தப்பட்டதால் எறியும் தொலைவு குறைந்தது.