கேள்வி பதில்: நடுவில் அந்த 'வித்' எதற்கு?

கேள்வி: புளோக் விருந்துக்காக மின்தூக்கி பக்கத்தில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுதினேன். 'வி வில் புரொவைட் யூ லஞ்ச்' என்று இருந்தது. உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் சிவப்புப் பேனாவால் நடுவில் 'வித்' செருகிவிட்டாள். அது கட்டாயமா?
- ஈசூன் வாசகி

பதில்: மகள் பக்கம்தான் நியாயம், அம்மா. அமெரிக்கர்கள் சில சமயம் 'வித்' இல்லாமலே எழுதுவார்கள், ஆனால் நம் பிள்ளைகள் படிப்பது பிரிட்டிஷ் வழக்கம். ஆளை முதலில் சொன்னால் 'புரொவைட் யூ வித் லஞ்ச்', சாப்பாட்டை முதலில் சொன்னால் 'புரொவைட் லஞ்ச் ஃபார் யூ'. 'கிவ் யூ லஞ்ச்' சரியாக இருக்கும்போது இது மட்டும் ஏன் தப்பு என்று தோன்றும். தமிழில் கொடுத்தாலும் வழங்கினாலும் 'உங்களுக்கு' என்ற ஒரே 'கு' போதும், அந்தப் பழக்கத்தில்தான் நாம் எல்லோரும் இங்கே தடுக்கி விழுகிறோம். வம்பே வேண்டாமென்றால் 'லஞ்ச் வில் பி புரொவைடட்' என்று போட்டுவிடுங்கள். (சைவமா அசைவமா என்றும் எழுதுங்கள், முதல் கேள்வி அதுதான் வரும்.)

'புரொவைட்' உடன் நேராக 'ஃபார்' ஒட்டி, பின்னால் ஆள் மட்டும் வந்தால் அர்த்தமே வேறு. 'ஷி புரொவைட்ஸ் ஃபார் ஹெர் பேரண்ட்ஸ்' என்றால் ஒரு வேளைச் சோறு போட்டாள் என்பதல்ல, சம்பாதித்துப் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறாள் என்பது. லத்தீனில் இந்தச் சொல்லின் வேர் 'முன்கூட்டிப் பார்ப்பது'. தமிழிலும் நாம் 'பார்த்துக்கொள்' என்றுதானே சொல்கிறோம்! 1955இல் தொடங்கிய நம் சிங்கப்பூர் மத்திய சேமநிதியின் ஆங்கிலப் பெயரில் நடுவே நிற்கும் 'புராவிடண்ட்' இதே வேரில் வந்ததுதான். முதுமையை முன்கூட்டிப் பார்த்து, சம்பளத்திலிருந்து மாதாமாதம் எடுத்து வைக்கிற பணம். மளிகைக் கடையை 'புரொவிஷன் ஷாப்' என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

அப்புறம், வாக்கியத்தின் தலையில் 'புரொவைடட்' வந்தால் அங்கே யாரும் எதையும் கொடுக்கவில்லை, நிபந்தனை போடுகிறார்கள். 'புரொவைடட் இட் டஸ் நாட் ரெயின்' என்றால் மழை பெய்யாமல் இருந்தால் மட்டும். விருந்து திறந்தவெளியில் என்றால் அந்த வரியையும் அறிவிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.