உண்மையான நோயாளிகளின் கேஸ்களை வைத்து இளம் மருத்துவர்களுக்கு நோயறியக் கற்றுக்கொடுக்க முடியுமா?

முடியும். ஆனால் நோயின் பெயரைத் தலைப்பில் போட்டுவிட்டுக் கேஸைச் சொன்னால் யாரும் எதையும் கற்கப்போவதில்லை.

காவிரி டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் இருக்கிறேன். ஹவுஸ் சர்ஜன்களுக்கு வாரம் ஒரு கேஸ் எடுப்பது வழக்கம். அதில் நான் அடிக்கடி எடுப்பது, பயிற்சிக் காலத்தில் நானே கோட்டைவிட்ட ஒன்று.

குறுவை அறுவடை நேரம். விடியற்காலை நான்கு மணிக்கு நாற்பது வயதுக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு முறை வாந்தி. "ராத்திரி பரோட்டா சாப்பிட்டார்" என்றார் கூட வந்த மனைவி. என் கை தானாகவே சீட்டில் 'வயிற்றுப் புண்' என்று எழுதிவிட்டது. ஊசி போட்டுப் படுக்க வைத்தேன். தொட்டுப் பார்த்தபோது வயிறு மெத்தென்று இருந்தது. அவர் துடித்த துடிப்புக்கும் அந்த வயிற்றுக்கும் பொருத்தமே இல்லை. அது எனக்கு உறுத்தியது, உறுத்தியும் விட்டுவிட்டேன்.

ஆறு மணிக்கு அவருடைய இமைகள் பாதி இறங்கியிருந்தன. "மூன்று ராத்திரியாகத் தூக்கம் இல்லை, டாக்டர்" என்றார் அந்த அம்மா. அதையும் நம்பினேன். ரவுண்ட்ஸ் வந்த எங்கள் பேராசிரியர் அவரை மின்விசிறியைப் பார்க்கச் சொன்னார். நெற்றி சுருங்கியது, இமை ஏறவில்லை. உடனே ஒரு கேள்வி: "ராத்திரி எங்கே ஐயா படுத்திருந்தீர்கள்?"

ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று நெல்லை எடுக்கவில்லையாம். கொள்முதல் நிலையத்தின் வாசலில், குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாயை விரித்து மூன்று இரவாகக் காவல் படுத்திருக்கிறார்.

கட்டுவிரியன். கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். தூங்குகிறவருக்கு வயிற்றுவலிதான் முதல் சேதி. விஷமுறிவு மருந்து ஏற்றி, மூன்று நாள் வென்டிலேட்டரில் வைத்து, பிழைத்தார்.

இந்தக் கேஸை இப்போது நான்கு துண்டாகத்தான் தருகிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் அவரவர் ஒரு சீட்டில் என்ன நோய் என்று எழுதி மடித்து வைத்த பிறகே அடுத்தது. வாயால் சொன்னதைப் பிறகு மாற்றிச் சொல்லிவிடலாம், சீட்டில் எழுதியதை முடியாது. மனைவி சொன்ன பரோட்டாவையும் அப்படியே சொல்வேன். அதை நானே 'உணவு ஒவ்வாமை' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் அவர்களுக்கு யோசிக்க என்ன மிச்சம்? மூன்றாவது துண்டில் ஒரு பொறி வைக்கிறேன்: குழாயில் எடுத்து வைத்த இரத்தம் 20 நிமிடத்தில் நன்றாக உறைந்தது. பாம்பைச் சந்தேகித்தவர்களில் பாதிப் பேர் இங்கே பின்வாங்குவார்கள். அந்தச் சோதனை, இரத்தத்தை உறையவிடாத கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்ற பாம்புகளைத்தான் பிடித்துக் கொடுக்கும். கட்டுவிரியனின் விஷம் நரம்பைத் தாக்குவது, இரத்தத்தை அல்ல.

கேஸ் வைத்துக் கற்பிக்கும் யோசனை சட்டக் கல்லூரியிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், சட்டம் படித்த தன் அறைத்தோழர் வழக்குகளை வைத்து உற்சாகமாகப் படிப்பதைப் பார்த்து, 1900இல் இதை மருத்துவத்துக்கும் முன்வைத்தார்.

ஒரு தொல்லையும் உண்டு. இந்தக் கேஸை எடுத்த மாதம் முழுவதும் வயிற்றுவலி என்று வருகிற எல்லோரையும் மின்விசிறியைப் பார்க்கச் சொல்வார்கள். அதனால் அடுத்த வாரமே சாதாரண வயிற்றுப் புண் கேஸ் ஒன்றை எடுத்துவிடுவேன். அதற்கடுத்த வாரம் ஒரு வாரக் காய்ச்சல்: டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று அடித்துக்கொள்வார்கள். அரைஞாண் கயிற்றுக்கு அடியில், வலியே இல்லாத ஒரு கறுத்த பொருக்கு இருக்கும்: சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். கயிற்றை நகர்த்திப் பார்க்கிறவர் அபூர்வம்.

போன தடவை கட்டுவிரியன் கேஸின் முதல் துண்டுக்கே ஒரு சீட்டில் நோயின் பெயர் இல்லை, 'எங்கே படுத்திருந்தார்?' என்று மட்டும் இருந்தது. எழுதியவர் மன்னார்குடிப் பக்கத்துப் பெண். எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "அறுப்பு நேரத்தில் அப்பா வீட்டில் படுக்க மாட்டார், சார்" என்றார்.