குருவிக்கு எதற்கு இத்தனை கெடுபிடி?

கேள்வி: உங்கா குரங்கைக் காப்பாற்றச் சொன்னால் புரிகிறது, மனிதனுக்கு நெருங்கிய இனம். கூண்டில் பாடும் பாராவ்-பாராவுக்கும் அதே சட்டமா? குரங்கு எங்கே, குருவி எங்கே?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டில் அழிவுக்குப் பக்கத்தில் நிற்பது உங்கள் குருவிதான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் வெள்ளைக்கை உங்கா 'அருகிய இனம்'. வைக்கோல் நிறத் தலையுள்ள பாராவ்-பாராவ் 2018 முதல் 'மிக அருகிய இனம்'. தாய்லாந்துக் காடுகளில் அது அடியோடு போய்விட்டது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், உங்கா முன்பே இருக்கிறது. பாராவ்-பாராவையும் 2022 பனாமா மாநாட்டில் அங்கேயே சேர்த்தார்கள். ஆக, பன்னாட்டு வணிகத்தில் இரண்டுக்கும் அதே சட்டம்தான்.

காடு போனது மட்டும் காரணமில்லை. இப்பறவைக்கு ஆற்றோரப் புதரும் பழத்தோட்டமும் போதும். சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறதே! பல இடங்களில் பிடித்தே தீர்த்தார்கள். பதிவு செய்த குரலைப் போட்டால், தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதென்று ஜோடியாகவே பறந்து வரும். பலாப்பால் பூசிய குச்சியிலோ வலையிலோ இரண்டும் சிக்கும். முட்டையிடுவதோ பெரும்பாலும் இரண்டுதான். பிடிக்கும் வேகத்துக்கு எப்படி ஈடுகட்டும்?

உங்காவின் கதை வேறு. அது தரையில் இறங்குவது அபூர்வம். செம்பனைக்காகக் காட்டின் நடுவே வெட்டினால் குடும்பங்கள் துண்டுபட்டுப் போகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரே குட்டி. அந்தக் குட்டியை எடுக்கத் தாயைச் சுடுகிறார்கள். கிளைகள் தொட்டுக்கொண்டிருக்கும்படி மரங்களை விட்டுவைப்பது தோட்ட நிர்வாகமும் மாநில அரசும் செய்ய வேண்டியது. பாராவ்-பாராவை வாங்காமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

'பண்ணையில் பொரித்தது' என்று கடைக்காரர் சொன்னால் முதலில் காலைப் பாருங்கள். குஞ்சாக இருக்கும்போதே மாட்டும் வளையத்தில் வெட்டோ இணைப்போ இருக்காது; வளர்ந்த பறவையின் காலில் அது ஏறாது. வளையமே இல்லை, அல்லது பிளந்து நெரித்த வளையம், கம்பியில் மோதி மோதி நெற்றியில் காயம், முறிந்த வால் என்றால் காட்டில் பிடித்ததென்றே சந்தேகப்படுங்கள். வளையம் சரியாக இருந்தாலும் உரிமத்தைக் கேளுங்கள். 'பாவம், வாங்கிப் பறக்க விடலாம்' என்று காசு கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தக் காசில்தான் அடுத்த வலை வாங்குவார்கள். கூண்டின் படம், கடை இருக்கும் இடம், பார்த்த நாள் மூன்றையும் குறித்து மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுங்கள்.