க்லூச் எல்லாம் சாவியல்ல – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலைக்காகப் போலந்தின் வ்ரொத்ஸ்வாஃப் நகருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மாலை வகுப்பில் போலிஷ் படிக்கிறேன். மனதில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் செய்துகொண்டு, அகராதி பார்த்துப் போலிஷில் மாற்றிச் சொல்வது என் வழக்கம். சிக்கல் என்னவென்றால் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி ஐந்தாறு போலிஷ் சொற்களைத் தருகிறது. நான் முதலில் இருப்பதை எடுத்துக்கொள்வேன். போன வாரம் அலுவலகத்தில் ஹீட்டரை அதிகம் வைத்துவிட்டார்கள். “யெஸ்டெம் கொரொன்ட்ஸி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், காரணம் ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் கிராகோவில் மொழிபெயர்ப்பாளர்களோடு வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். எந்த இடத்தில் எந்தச் சொல் என்று அவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்?

இன்னொரு சின்ன விஷயம். நண்பரின் ஐந்து வயது மகள் என்னை ‘வூயெக்’ என்று கூப்பிடுகிறாள். வகுப்பில் கேட்டால் அங்கிள் என்று அர்த்தமாம். எனக்கு வயது 27. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அலுவலகத்தில் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். “நான் கிளுகிளுப்பான ஆள்” என்று நீங்கள் அறிவித்திருக்கிறீர்கள். ஹீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் “யெஸ்ட் மி கொரொன்ட்ஸொ”. ‘மி’ என்றால் ‘எனக்கு’. குளிரெடுத்தால் “ஜிம்னொ மி”, அதாவது எனக்குக் குளிருது. அப்படியே நம் வீட்டு வாக்கியம். வெயிலில் நடந்து வந்து “நான் சூடு” என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. நேராக வந்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பீர்கள், ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததில் வழி தவறிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்கள் முடிவு செய்யும் விதத்தை நான் கற்றுக்கொண்டது என் சொந்த அசட்டுத்தனத்தால்தான். மின்னணு இசைப்பலகை ஒன்றின் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து போலிஷுக்கு மாற்றும் வேலை வந்தது. நான் மொழிபெயர்ப்பாளன் இல்லை, கோப்புகளைப் பிரித்துக் கொடுப்பவன். ஆர்வக்கோளாறில் எக்செல்லில் ஒரு சொற்பட்டியல் தயாரித்தேன், சொல்லுக்கு ஒரு வரி. அதில் ‘கீ’ என்பதற்கு நேராக ‘க்லூச்’ என்று போட்டு, எல்லா இடத்திலும் இதையே பயன்படுத்துங்கள் என்று குறிப்பும் எழுதினேன். மறுநாள் மொழிபெயர்ப்பாளர் அம்மா ஃபோனில் வந்தார். ரொம்ப மரியாதையாக ஒரே ஒரு கேள்வி: “இந்தக் கீயை வைத்து என்ன செய்ய வேண்டும்? திருகவா, அழுத்தவா, இல்லை அதில் பாடவா?”

கேள்வி அவ்வளவுதான். திருகுவது என்றால் க்லூச். நட்டைத் திருகும் ஸ்பேனரும் போலிஷில் க்லூச்தான். விரலால் அழுத்துவது க்லாவிஷ். கணினிக்கும் பியானோவுக்கும் அதே சொல். பாட்டு எந்த ஸ்கேலில் இருக்கிறது என்பது டொனாட்ஸ்யா. என் பட்டியலை நம்பியிருந்தால் இன்னொரு விபத்தும் நடந்திருக்கும். இசையில் க்லூச் என்று ஒன்று நிஜமாகவே உண்டு. ஐந்து கோட்டு இசைக்குறிப்பின் தொடக்கத்தில் சுருள் சுருளாக ஒரு அடையாளம் போடுவார்களே, அதன் பெயர் அது. பாடகருக்கு ஒத்துவராவிட்டால் சுருதியை மாற்றுங்கள் என்று கையேடு சொல்லும் இடத்தில், அந்தச் சுருளை மாற்றச் சொல்லியிருப்போம். தப்பு தப்பாகவே தெரியாது, இசைச் சொல் மாதிரிதானே இருக்கிறது! இந்த வகைப் பிழைதான் அச்சாகி வெளியே போய்விடும்.

அன்று இரவு யோசித்தபோது வெட்கமாக இருந்தது. எங்கள் ஊர் ஆர்மோனியக்காரரிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் குழப்பமே வந்திருக்காது. பெட்டியைப் பூட்டச் சாவி, விரல் வைக்கக் கட்டை, பாடச் சுருதி. (அந்தச் சுருதியையும் அவர் ‘ரெண்டு கட்டை’ என்றுதான் சொல்வார், அது வேறு கதை.)

உறவுமுறையில் நமக்கு இன்னும் சுலபம். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட் தன் அப்பாவைக் கொன்ற கிளாடியஸை அங்கிள் என்கிறான். ஆங்கிலத்துக்கு அது போதும். போலிஷின் பழைய வழக்கில் அப்பாவின் சகோதரன் ஸ்ட்ரிய், அம்மாவின் சகோதரன் வூய். கிளாடியஸ் அப்பாவின் சகோதரன், எனவே ஸ்ட்ரிய்தான். வூய் என்று போட்டால், அவனை மணந்த ஹாம்லெட்டின் அம்மா, அரசி கெர்ட்ரூட், கூடப்பிறந்தவனையே கட்டிக்கொண்டதாக ஆகிவிடும்! இங்கே அகராதி எவ்வளவு தடியாக இருந்தாலும் உதவாது, கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்று பார்த்தே ஆக வேண்டும். இந்த நாடகத்துக்கு யூசெஃப் பாஷ்கொஃப்ஸ்கியின் போலிஷ் மொழிபெயர்ப்பு 1862இல் வந்தது. பாத்திரப் பட்டியலிலேயே ஹாம்லெட்டை அரசனின் ‘ஸினொவியெட்ஸ்’ என்று எழுதியிருக்கிறார். சகோதரனின் மகனுக்கு அந்தக் காலத்துச் சொல் அது, உள்ளே ‘ஸின்’, அதாவது மகன், உட்கார்ந்திருக்கிறான். நம் முறையும் அதுதானே, அண்ணன் பிள்ளையும் மகன்தான். ஒரு படி மேலே போய் நாம் பெரியப்பாவா சித்தப்பாவா என்று கேட்போம். போலிஷ் அவ்வளவு தூரம் போகாது.

எப்போதும் ஆங்கிலம்தான் எதிரி என்றும் நினைத்துவிடாதீர்கள். துறைமுக நகரமான க்டான்ஸ்க் போனால் ஆற்றங்கரையில் கப்பல் சரக்குத் தூக்கும் பழைய மர கிரேன் ஒன்று நிற்கும், 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் பெயர் ‘ஷுராஃப்’. ஆங்கிலத்தில் கிரேன் எனப்படும் நீண்ட கழுத்துள்ள பறவைக்கும் இதே பெயர். ஆங்கிலத்தின் இரட்டை அர்த்தம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கூடுதலாக, கிராமத்துக் கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றமும் ஷுராஃப்தான். இதைக் கேட்டபோது எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் தெருவில் கட்டட வேலைக்கு நிற்கும் இயந்திரத்தைச் சாதாரணமாக ‘ஜ்விக்’ என்பார்கள்.

தமிழை நம்பினால் போதும் என்று சொல்ல வரவில்லை. தமிழும் கைவிடும். “அவரைத் தெரியும்”, “விலாசம் தெரியும்”, “நீந்தத் தெரியும்” என்று எல்லாவற்றையும் நாம் ஒரே ‘தெரியு’மில் அடக்கிவிடுகிறோம். ஆங்கிலமும் ஏறக்குறைய அப்படித்தான். போலிஷில் ஆளை, ஊரை அறிந்திருப்பது ஸ்னாச், செய்தி தெரிவது வியெஜெச், செய்யத் தெரிவது உமியெச். ‘போ’வும் அப்படி. நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு இன்னொன்று. நான் முதல் வருடம் விடுமுறைக்குக் கிளம்பும்போது “இந்தியாவுக்குப் போகிறேன்” என்று நடந்து போகும் வினையைப் போட்டுச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் என் செருப்பைப் பார்த்தார்.

‘ப்ளே’ என்ற சொல்லில்தான் மூன்று மொழிகளும் மூன்று விதமாக வெட்டிக்கொள்கின்றன. நமக்குப் பந்து விளையாடுவது, வீணை வாசிப்பது, நாடகத்தில் நடிப்பது என மூன்று வினை. போலிஷில் இந்த மூன்றுக்குமே ‘க்ராச்’ வரும். ஆனால் குழந்தை மண்ணில் விளையாடினால் அது க்ராச் இல்லை, ‘பாவிச் ஷெ’. விதியில்லாத விளையாட்டு. தமிழில் நாம் கோடு போடாத இடத்தில் அவர்கள் போட்டிருக்கிறார்கள்.

அதனால் அகராதியில் முதல் சொல்லை எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். ‘டிக்கி’ என்ற இணைய அகராதி இருக்கிறது (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நல்ல அகராதி). அதில் அர்த்தங்கள் எண் போட்டுத் தனித்தனியாக இருக்கும், பலவற்றுக்குக் கீழே எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். சொல்லை விட்டுவிட்டு அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் எடுத்த போலிஷ் சொல்லைத் திருப்பிப் போட்டுத் தேடிப் பாருங்கள். சாவி தேடியவருக்கு ஸ்பேனர் வந்தால் பரவாயில்லை. ஹீட்டர் தேடியவருக்கு வேறு ஏதாவது வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தக் குழந்தை விஷயம். தயவுசெய்து திருத்தாதீர்கள். இன்று ஸ்ட்ரிய் அரிதாகிவிட்டது, இரண்டு பக்கத்துச் சகோதரர்களையும் வூயெக் என்பதே பரவலாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து போகும் நெருங்கிய நண்பரையும் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். ஆனால் அந்தச் சொல்லின் பழைய இடம் அம்மாவின் கூடப்பிறந்தவன். அவள் உங்களை மாமா என்கிறாள். அடுத்த முறை வெறுங்கையோடு போகாதீர்கள்.