இறப்பரை இழுக்காமல் ஒட்டுங்கள்

பாடசாலை அணியில் ஆடும் மகனின் மேசைப்பந்து மட்டைக்குப் புதிய இறப்பர் வாங்கி, சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூசனால் ஒட்டியதாகவும், இரண்டு வாரத்தில் ஓரம் கிளம்பி, நடுவில் உப்பிய இடத்தில் பட்ட பந்து எழாமல் விழுவதாகவும் திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். எப்படி ஒட்டினால் ஆட்டம் மேம்படும் என்பது அவருடைய கேள்வி.

சொலூசன் பூசும் வழக்கம் காரணமின்றி வந்ததன்று. 1970களில் முன்னணி வீரர்களே அதைப் பூசினார்கள்; அதன் ஆவி, இறப்பரின் அடியில் சேர்ந்திருக்கும் ஸ்பொஞ்சை உப்பச் செய்ய, மேலிருக்கும் இறப்பர் விறைத்து நின்று பந்தை வேகமாகத் தள்ளியது. அந்த வேகம் சில மணி நேரமே நிலைக்கும். ஆவியோ உடலுக்குக் கேடானது. ஆகவே 2008 செப்ரெம்பரிலிருந்து சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம் அவ்வகைப் பசைகளைத் தடைசெய்தது. வளரும் பிள்ளையின் மட்டைக்குத் தயவுசெய்து மேசைப்பந்து மட்டைக்கென்றே விற்கப்படும் நீர்ப்பசையை வாங்குங்கள்.

முதலில் பழைய இறப்பரை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தெடுங்கள். வெடுக்கென இழுத்தால் மரச் சிராயும் கூடவே வந்துவிடும். எஞ்சிய பசையை விரல் நுனியால் உருட்டி எடுத்துவிடலாம். பின்னர் மரத்தில் மெல்லிய ஒரு பூச்சும், பசையை உறிஞ்சும் ஸ்பொஞ்சில், முதற்பூச்சு காய்ந்தபின் இன்னொன்றுமாக இரண்டு பூச்சுகளும் பூசுங்கள். பால்போல் வெளுத்திருக்கும் பசை, கண்ணாடிபோல் தெளியும்வரை இரண்டையும் ஒன்றுசேர்க்கக் கூடாது. வெண்மை ஒரு பொட்டளவு எஞ்சியிருந்தாலும் அங்கே ஈரம் அடைபட்டுக் கொப்புளமாகும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் திருகோணமலையின் கடற்காற்றில் இதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். மின்விசிறியின் கீழ் வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

ஒட்டும்போதுதான் பலர் தவறுகிறார்கள். கைபிடிப் பக்க விளிம்பை நேராகப் பொருத்தி, அங்கிருந்து நுனிவரை ஓர் உருளைப் போத்தலை உருட்டிக்கொண்டே இறப்பரைத் தன் பாரத்தில் படியவிடுங்கள். சுருக்கம் நீக்குவதாக எண்ணி இழுத்தால், அது பிறகு தன் அளவுக்குச் சுருங்கும்போது ஓரம் கிளம்பும். சொலூசனால் உப்பிய ஸ்பொஞ்சு வற்றிச் சுருங்கினாலும் இதுவே நேரும். உங்கள் மட்டைக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஒட்டியபின் கனத்த புத்தகங்களின் கீழ் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, ஸ்பொஞ்சுப் பக்கம் மேலிருக்க, புதிய பிளேடால் மட்டையின் விளிம்பையொட்டி வெட்டுங்கள். கைபிடியருகே பொறித்திருக்கும் சம்மேளனச் சின்னம் வெட்டுப்படாமல் தெரியவேண்டும்.

தடித்த ஸ்பொஞ்சு வேகம் தரும். ஆனால் கட்டுப்பாட்டைக் குறைக்கும். அடி இன்னும் நிலைபெறாத மாணவருக்கு 1.8 மில்லிமீற்றர் போதும் என்பது என் கருத்து. இறப்பர், ஸ்பொஞ்சு, பசை எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்தின் தடிப்பு 4 மில்லிமீற்றரை மீறக்கூடாது என்பது விதி. பூச்சு மெல்லியதாக இருக்கவேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.